தையல் பிரித்த பிறகு

இலங்கையின் புத்தளக் கரையில் தமிழ் பேசும் வீடுகளில் பிறக்கும் பிள்ளை தாயை 'உம்மா' என்றோ 'அம்மா' என்றோ அழைக்கும். தகப்பனை 'வாப்பா' என்றோ 'அப்பா' என்றோ அழைக்கும். கற்பிட்டி முஸ்லிம் வீட்டிலும் உடப்பு இந்து வீட்டிலும் கரையோரக் கத்தோலிக்க வீட்டிலும் இதில் ஒரே ஒழுங்குதான்: தாயை அழைக்கும் சொல் மகரத்தில் நிற்கிறது, தகப்பனை அழைக்கும் சொல் பகரத்தில் நிற்கிறது. இரண்டுக்கும் உதடுகள் ஒரே விதமாகத்தான் மூடுகின்றன. வேறுபாடு வாயின் பின்புறத்தில் நடக்கிறது. 'ம்' சொல்லும்போது மென்மையான பின்னண்ணம் கீழே தொங்கி, காற்று மூக்கால் போகிறது. 'ப்' சொல்லும்போது அது மேலெழுந்து மூக்கின் வழியை அடைக்கிறது. காற்று வாய்க்குள் தேங்கி, உதடு திறந்ததும் வெடிக்கிறது. அண்ணம் பிளந்து பிறந்த பிள்ளைக்கு அந்தக் கதவு இல்லை. 'வாப்பா' என்று சொல்ல முயலும்போது காற்று மூக்கால் கசிந்து 'வாம்மா' போலவோ, தொண்டையில் அடைபட்ட ஓர் ஒலியாகவோ வெளிவருகிறது. தாயை அழைக்க முடிகிற பிள்ளைக்குத் தகப்பனை அழைக்க முடியாமற் போகிறது.

தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்தொலிகள் பிறக்கும் உறுப்புகளாகத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டைச் சொல்கிறது. உதடும் ஈறும் அண்ணமும் ஒருசேரப் பிளக்கும்போது இந்த எட்டில் இதழ், பல், அண்ணம், மூக்கு ஆகிய நான்கு குலைகின்றன. தமிழ் நெடுங்கணக்கில் வல்லினமும் மெல்லினமும் இணை இணையாக நிற்பதைப் பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம்: க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம, ற-ன. பிளவுள்ள பிள்ளையிடம் இந்த இணைகளில் வல்லினப் பாதி நழுவுகிறது. 'மாமா', 'மணி' எளிதாக வரும். 'கப்பல்', 'பட்டம்', 'தொப்பி' வராது. பிளவுச் சிகிச்சையைப் பற்றிய எந்தக் கணக்கையும் இங்கிருந்துதான் தொடங்கவேண்டும் என்று நினைக்கிறேன். முகத்தைச் சீராக்குவதற்காக மட்டும் இந்தச் சத்திரசிகிச்சையைச் செய்வதில்லை.

பிளவோடு பிறக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு இலங்கையில் ஒரு பழைய விடை உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாய்ச் சத்திரசிகிச்சை நிபுணர் அமரதுங்க, உடன் ஆய்வாளரோடு 1989-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உயிருடன் பிறக்கும் 1000 குழந்தைகளுக்கு 0.83 என்ற அளவில் உதட்டுப் பிளவோ அண்ணப் பிளவோ காணப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் இன்று உலகம் முழுவதற்கும் 1000 முதல் 1500 பிறப்புகளுக்கு ஒன்று என்று சொல்வதோடு இது ஒத்துப்போகிறது. 2012 குடிசனக் கணக்கெடுப்பில் புத்தளம் மாவட்டத்தின் சனத்தொகை 762,396. ஆயிரம் பேருக்கு ஆண்டில் பதினைந்து பிறப்பு என்று வைத்துக்கொண்டு பெருக்கிப் பார்த்தால், மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒன்பது அல்லது பத்துப் பிள்ளைகள். இது என்னுடைய தோராயக் கணக்கு. ஆனாலும் ஓர் உண்மையை அது காட்டிவிடுகிறது. பிறந்தது முதல் இருபது வயது வரை சிகிச்சைக் காலம் என்று கொண்டால், எந்த நேரத்திலும் இந்தப் பாதையில் நடந்துகொண்டிருப்பவர்கள் ஏறத்தாழ இருநூறு பேர். சிலாபம் முதல் கற்பிட்டி வரை, கரையும் உள்நாடும் சேர்த்து, இருநூறு பெயர்கள். ஒரு பாடசாலைக் கொப்பியில் அத்தனை பேரையும் எழுதிவிடலாம்.

பிளவு எப்படி வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். முகம் பல மடிப்புகளாக இரு பக்கத்திலிருந்தும் வளர்ந்து நடுவில் வந்து இணைகிறது. கருவின் நான்காம் வாரத்திலிருந்து ஏழாம் வாரத்துக்குள் மேலுதடும், பன்னிரண்டாம் வாரத்துக்குள் அண்ணமும் கூடிவிடவேண்டும். அந்தக் கூடல் தவறினால் பிளவு. மரபணுக்கள், கருவுற்ற தாயின் புகைப்பழக்கம், வலிப்புக்குத் தரப்படும் சில மருந்துகள், கட்டுப்படாத நீரிழிவு எனக் காரணங்கள் பல. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட இயலாது. ஆனால் கிரகணம் காரணமில்லை என்பதை உறுதியாகச் சொல்லலாம். கிரகண நேரத்தில் கத்தியைத் தொட்டாள், காய் நறுக்கினாள் என்று தாயின் மேல் போடும் பழி இன்னும் தமிழ் வீடுகளில் இருக்கிறது. பல தாய்மார் தாம் கருவுற்றிருப்பதை முழுதாக உணர்வதற்கு முன்பே உதடு கூடும் காலம் தொடங்கிவிடுகிறது.

முதல் நாள் முதல் சிக்கல் பால். அண்ணம் பிளந்த பிள்ளையால் வாய்க்குள் வெற்றிடம் உண்டாக்கி உறிஞ்ச முடியாது. மார்பில் வைத்தால் களைத்துப்போகும், பால் மூக்கால் வரும். பாலைப் பீய்ச்சி எடுத்து, பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, கரண்டியாலோ சங்காலோ சிறிது சிறிதாக ஊட்டவேண்டும். நம் பாட்டிமார் கையிலிருந்த சங்கும் பாலாடையும் இந்த இடத்தில் உண்மையாகவே நல்ல கருவிகள். பிள்ளை எடை கூடினால்தான் மயக்கமருந்து தாங்கும். பத்து வாரம், பத்து இறாத்தல், ஒரு டெசிலீற்றர் குருதியில் பத்து கிராம் ஹீமோகுளோபின் என்ற மூன்று பத்துகளை உதட்டுச் சத்திரசிகிச்சைக்கு முன் பார்க்கும் பழைய விதி இன்றும் உயிரோடிருப்பது அதனால்தான். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் உதடு, ஒன்று அல்லது ஒன்றரை வயதுக்குள் அண்ணம். ஊர் அறிந்த சிகிச்சை இந்த இரண்டோடு முடிந்துவிடுகிறது. தையல் பிரித்ததும் பெற்றோர் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மீதமிருக்கும் பாதையை அவர்களுக்குப் பலர் விளங்கச் சொல்வதில்லை.

அந்த மீதிப் பாதை ஏன் இருக்கிறது என்பதை உலகத்துக்குக் கற்றுத்தந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. அந்தக் கதையை நம்மவர்கள் அதிகம் அறியமாட்டார்கள்.

லண்டன் கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் சிறுவர் வைத்தியசாலையில் பல் சீரமைப்பு நிபுணராக இருந்தவர் மைக்கல் மார்ஸ். 1980-களின் நடுவில் அவரும் தோழர்களும் காலி நகரை மையமாக வைத்து ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். இலங்கைத் தரப்பில் குழந்தை மருத்துவப் பேராசிரியர் சனத் லமாபதுசூரிய உடன் நின்றார். மேற்கு நாடுகளில் அப்போது காணவே கிடைக்காத ஒரு கூட்டம் அங்கே இருந்தது: பதின்ம வயதைத் தாண்டியும் கத்தியே படாமல் வளர்ந்த பிளவு நோயாளிகள். ஐரோப்பாவில் பிளவோடு பிறந்த ஏறக்குறைய எல்லோருக்கும் சிறுவயதிலேயே சத்திரசிகிச்சை முடிந்திருந்ததால், வளர்ந்தபின் மேல்தாடை ஏன் உள்வாங்கிக் குழிந்துபோகிறது என்ற கேள்விக்கு அங்கே விடை தேட முடியவில்லை. குறை பிளவோடு சேர்ந்து பிறந்ததா, அல்லது சத்திரசிகிச்சையால் வந்ததா? காலியில் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிந்தது.

1990-இல் வெளிவந்த கட்டுரைகள் விடையைச் சொல்லின. சத்திரசிகிச்சையே செய்யாதவர்களின் மேல்தாடை ஏறக்குறைய இயல்பாக முன்னோக்கி வளர்ந்திருந்தது. உதடு மட்டும் தைக்கப்பட்டவர்களுக்கும் பெரிய குறையில்லை. குழந்தைப் பருவத்தில் அண்ணம் தைக்கப்பட்டவர்களிடம்தான் மேல்தாடை பின்தங்கியிருந்தது. வன்னண்ணத்தின் எலும்பிலிருந்து சதையை உரித்து நடுவில் இழுத்துத் தைக்கும்போது பக்கங்களில் விழும் தழும்பு, வளரும் எலும்பை இறுக்கிப் பிடிக்கிறது. பிளவோடு பிறந்த முகத்துக்கு முழுதாக வளரும் ஆற்றல் உள்ளிருந்தே இருக்கிறது என்பது அந்த ஆய்வின் செய்தி.

அப்படியானால் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடலாமே என்று தோன்றும். அதற்கும் காலியின் அதே நோயாளிகளிடமிருந்தே மறுமொழி வந்தது. அதே ஆண்டில் பேச்சுச் சிகிச்சையாளர் டெபி செல், பமெலா குரன்வெல் இருவரும், பதின்ம வயதில் அண்ணம் தைக்கப்பட்ட இலங்கையரின் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்து வெளியிட்டார்கள். தாமதமாகத் தைத்த அண்ணம் பெரும்பாலானவர்களின் பேச்சை மாற்றவில்லை. கதவு பொருத்தியாயிற்று, ஆனால் அதைத் திறந்து மூடும் பழக்கம் மூளையில் பதியவேண்டிய வயது போய்விட்டிருந்தது.

எலும்பு காத்திருக்கச் சொல்கிறது, பேச்சு அவசரப்படுத்துகிறது. உலகம் பேச்சின் பக்கம் முடிவெடுத்தது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் 23 நிலையங்களில் 558 குழந்தைகளைச் சேர்த்து நடத்தி 2023-இல் வெளியான ஆய்வு அதை இன்னும் உறுதிப்படுத்தியது. அண்ணம் மட்டும் பிளந்த அந்தக் குழந்தைகளில், ஆறு மாதத்தில் தைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 8.9 பேருக்கு ஐந்து வயதில் மூக்குவழி அடையாத குறை இருந்தது. பன்னிரண்டு மாதத்தில் தைக்கப்பட்டவர்களில் அது 15.0 பேர்.

இந்த முடிவின் பொருளை நேராகப் பார்க்கவேண்டும். பேச்சுக்காக எலும்பிடமிருந்து ஒரு கடன் வாங்குகிறோம். பிள்ளையின் மேல்தாடை வளர்ச்சியில் ஒரு பங்கை அடகு வைத்து அதற்கு வல்லினத்தைப் பெற்றுத்தருகிறோம். அந்தக் கடனைத் திருப்பிக் கொடுக்கும் தவணைகள்தான் பல் சீரமைப்பு, எலும்பு ஒட்டு, தாடையை முன்னகர்த்தும் சத்திரசிகிச்சை, கடைசியில் தேவைப்பட்டால் எலும்பில் பதிக்கும் பல். அண்ணத்தைத் தைத்துவிட்டு அடுத்த தவணைகளை விட்டுவிடும் சுகாதாரத் துறை, பிள்ளையிடம் வாங்கிய கடனைத் திருப்பாமல் விடுகிறது.

தவணைகளில் மிக முக்கியமானதும் மிகக் குறைவாக அறியப்பட்டதும் எலும்பு ஒட்டுத்தான். உதட்டுப் பிளவு ஆழமாகப் போகும்போது மேல் ஈறின் எலும்பும் பிளக்கிறது. உதட்டையும் அண்ணத்தையும் தைத்தபின்னும் அந்த இடைவெளி எலும்பில் அப்படியே இருக்கும். சதை மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மேல்தாடை இரண்டு துண்டாகவே இருக்கிறது. மூக்கின் ஒரு பக்கம் தாங்கலின்றித் தாழ்ந்து கிடக்கிறது. சோறு உண்ணும்போது சிறு துளை வழியாக நீர் மூக்குக்கு ஏறுகிறது. எல்லாவற்றையும் விட, அந்த இடத்தில் முளைக்கவேண்டிய வேட்டைப்பல்லுக்கு இறங்கிவர எலும்பில்லை. பல் எலும்புக்குள்தான் நகரும். வெற்றிடத்தில் நகராது. (அண்ணம் மட்டும் பிளந்து, உதடும் ஈறும் முழுதாக உள்ள பிள்ளைகளுக்கு இந்த ஒட்டுத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும்.)

1950-களிலும் 60-களிலும் கைக்குழந்தைகளுக்கே எலும்பு வைத்துப் பார்த்தார்கள். வளர்ச்சி கெட்டதால் அதைக் கைவிட்டார்கள். 1972-இல் அமெரிக்காவில் பாயினும் சாண்ட்ஸும், பால்பற்களும் நிலைப்பற்களும் கலந்திருக்கும் வயதில் வைக்கலாம் என்று காட்டினார்கள். ஒஸ்லோ நிலையத்தின் பெர்க்லண்ட், செம்ப், ஓபிஹோல்ம் ஆகியோர் 1980-களில் அதை ஒழுங்கான முறையாக நிறுவினார்கள். இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் வயது ஒன்பது முதல் பதினொன்று. இன்னும் சரியாகச் சொன்னால், எக்ஸ்ரேயில் வேட்டைப்பல்லின் வேர் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை வளர்ந்து, பல் இன்னும் வெளிவராமல் இருக்கும் தருணம்.

செய்முறை கேட்பதற்குக் கடுமையாக இருக்கும், பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். முன்கூட்டிச் சில மாதங்கள் கம்பி போட்டு, குறுகிய மேல்தாடையை அகலப்படுத்துவார்கள். சத்திரசிகிச்சை அன்று இடுப்பெலும்பின் விளிம்பில் சிறு வெட்டுப்போட்டு, உள்ளிருக்கும் மென்மையான பஞ்செலும்பைச் சுரண்டி எடுப்பார்கள். பிளவின் மேலே மூக்கின் தளத்தைத் தைத்து, கீழே அண்ணப் பக்கத்தைத் தைத்து, நடுவில் உண்டாகும் பைக்குள் எலும்பை நிறைத்து, ஈறுச் சதையால் மூடிவிடுவார்கள். வாயை விட இடுப்புத்தான் அதிகம் வலிக்கும். சில நாட்கள் நொண்டி நடந்தபின் பிள்ளை ஓடத் தொடங்கிவிடும். சில மாதங்களில் ஒட்டு உயிருள்ள எலும்பாகிறது. பின்னர் வேட்டைப்பல் தானாகவே அதனூடாக இறங்கி வருகிறது. வந்த பல் எலும்பைக் காக்கிறது, எலும்பு பல்லைக் காக்கிறது. பல் வராத இடத்தில் வைத்த எலும்பு ஆண்டுக்கு ஆண்டு கரைந்துபோகும்.

இந்தக் காலம் தவறினால் பிற்பாடு எலும்பு வைக்க முடியாது என்றில்லை. ஆனால் பல் முளைத்தபின் வைக்கும் ஒட்டு தோற்கும் வாய்ப்பு அதிகம். ஒன்பது வயதில் ஒரு முறை செய்து முடிக்கவேண்டியதை இருபது வயதில் இரண்டு முறை செய்யவேண்டி வரலாம்.

இனிக் கற்பிட்டியின் பக்கமிருந்து பார்ப்போம். அந்தக் குடாநாட்டின் முனையிலிருந்து புத்தளத்தை அடுத்த பாலாவிச் சந்திக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு, நடுவே ஒரே வீதி. புத்தளத்திலிருந்து கொழும்பு 130 கிலோமீற்றர் அளவில். மற்றொரு வீதி, ஏ-10, புத்தளத்திலிருந்து குருநாகல் வழியாகக் கண்டிக்கு அருகில் கட்டுகஸ்தோட்டை வரை போகிறது. பேராதனைப் பல் மருத்துவ பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் அந்தத் திசையில். கொழும்பில் ரிட்ஜ்வே சீமாட்டி சிறுவர் வைத்தியசாலை, வார்ட் பிளேசில் தேசியப் பல் வைத்தியசாலை. குருநாகலிலும் அநுராதபுரத்திலும் உள்ள போதனா வைத்தியசாலைகளில் வாய், தாடை, முகச் சத்திரசிகிச்சைப் பிரிவுகள். அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணமில்லை. இது இலங்கை பெருமைப்படவேண்டிய விடயம். ஆனால் பஸ் கட்டணம் உண்டு, போய்வரும் நாளின் கூலி போகும், வீட்டில் விட்டுவரும் மற்றப் பிள்ளைகளுக்கு யாராவது சோறு போடவேண்டும். கம்பி போட்ட பிள்ளை மாதத்துக்கு ஒரு தடவை அல்லது ஆறு வாரத்துக்கு ஒரு தடவை போய் அதை இறுக்கி வரவேண்டும். ஒரு பெரிய சத்திரசிகிச்சைக்கு ஊரே கைகொடுத்து அனுப்பும். பதினெட்டு மாதம் தொடர்ந்து கிளினிக்குக்குப் போக ஊர் கைகொடுக்காது.

இந்தக் கரையின் வாழ்க்கையே இடம் மாறும் வாழ்க்கை. தென்மேல் பருவக்காற்று எழும்பி மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில், உடப்புக் கரைவலைக்காரர் கிழக்குக் கரைக்குப் போய் வாடியடித்துத் தொழில் செய்வது பழைய வழக்கம். கிளினிக் துண்டில் எழுதிய திகதி கடலைக் கேட்டு எழுதப்பட்டதன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000-க்கு மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும் பகுதியினர் புத்தளத்தில்தான் வந்து தங்கினார்கள். யுத்தம் முடிந்தபின் பல குடும்பங்களுக்கு ஒரு கால் மன்னாரிலும் ஒரு கால் புத்தளத்திலும் என்றாகிவிட்டது. ஒரு பிள்ளையின் பதிவேடு ஓரிடத்திலும் பாடசாலை வேறிடத்திலும் இருக்கும்போது, ஒன்பதாம் வயது யாருடைய கணக்கிலும் ஏறாமல் கடந்துபோவது எளிது.

இனி இம்ப்ளான்டுக்கு, அதாவது எலும்பில் பதிக்கும் பல்லுக்கு வருகிறேன். பிளவின் பக்கத்தில், நடுவெட்டுப்பல்லுக்கும் வேட்டைப்பல்லுக்கும் இடையில் இருக்கவேண்டிய பக்கவெட்டுப்பல் பல பிள்ளைகளுக்கு முளைப்பதே இல்லை. முளைத்தாலும் ஆணி போல் சிறுத்து இருக்கும். சிரிக்கும்போது அந்த வெற்றிடம்தான் முதலில் தெரியும். பதினெட்டு வயதில் ஒரு பெண்ணோ பையனோ கேட்பது பெரும்பாலும் அந்த ஒரு பல்லைத்தான்.

எலும்பில் பதிக்கும் பல்லின் நவீன வரலாறே பிளவோடு தொடங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க் 1952-இல் முயல்களின் எலும்புக்குள் குருதியோட்டத்தைப் பார்க்கத் தைத்தேனியத்தால் ஆன சிறு கருவி ஒன்றைப் பதித்தார். ஆராய்ச்சி முடிந்து எடுக்கப்போனால் கழலவில்லை. எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. 1965-இல் அவர் முதன்முதலாகத் தைத்தேனியத் திருகுகளைப் பதித்த மனிதர், அண்ணப் பிளவோடு பிறந்து பற்களும் தாடையும் குலைந்திருந்த ஒருவர். அந்தத் திருகுகள் அவருக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உழைத்தன. இன்று உலகெங்கும் தனியார் பல் மருத்துவமனைகள் வசதிபடைத்தவர்களுக்கு விளம்பரம் செய்யும் சிகிச்சை, இந்தப் பிள்ளைகளைப் போன்ற ஒருவருக்காகத்தான் முதலில் கை வந்தது.

ஆனால் பிளவில் இம்ப்ளான்ட் வைப்பது சாதாரண வாயில் வைப்பதைப் போன்றதன்று. பக்கவெட்டுப்பல்லுக்கு வைக்கும் திருகு மூன்றரை மில்லிமீற்றர் அளவு மெலிந்தது. அதைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் குறைந்தது ஒரு மில்லிமீற்றர் எலும்பு வேண்டும். பத்து வயதில் வைத்த ஒட்டு, பல் இல்லாமல் எட்டாண்டு சும்மா கிடந்தால் மெலிந்துவிடும். அப்போது தாடையிலிருந்தோ இடுப்பிலிருந்தோ மறுபடியும் எலும்பு எடுத்து வைத்து, நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் திருகைப் பதித்துவிடவேண்டும். திருகு பதிந்ததும் எலும்பு கரைவது குறைகிறது. பழைய தழும்புகளால் ஈறு குட்டையாக இருக்கும். அதனால் பொருத்தும் பல் பக்கத்துப் பல்லை விட நீளமாகத் தெரியும். மூக்குக்குத் துளை இருக்கும் இடத்தில் அதை மூடாமல் திருகு வைக்கவே கூடாது. புகைப்பவரின் திருகு தோற்கும் வாய்ப்புக் கூடுதல், வெற்றிலைக்கறை படிந்து சுத்தமில்லாத வாயும் அப்படியே. கவனமாகத் தெரிவுசெய்த நோயாளிகளிடம், ஒட்டு எலும்பில் வைத்த திருகுகளில் பத்துக்கு ஒன்பதை ஒட்டி நிலைக்கின்றன என்பதே பெரும்பாலான ஆய்வுகளின் கணக்கு. நல்ல கணக்குத்தான். அந்தக் கணக்கு ஒட்டுச் சரியாக நிகழ்ந்தவர்களுக்கானது.

வயதும் முக்கியம். தாடை வளர்ந்து முடியுமுன் திருகு வைத்தால் பக்கத்துப் பற்கள் எலும்போடு சேர்ந்து கீழிறங்க, திருகு மட்டும் வைத்த இடத்திலேயே நிற்கும். சில ஆண்டுகளில் அந்தப் பல் மேலே ஏறிவிட்டது போல் தெரியும். பெண்களுக்குப் பதினேழு பதினெட்டு, ஆண்களுக்கு இருபதைத் தாண்டித்தான் பாதுகாப்பு. கலியாணப் பேச்சுக்காகப் பதினாறில் அவசரப்படும் பெற்றோருக்கு இதை மருத்துவர் பொறுமையாக விளங்கப்படுத்தவேண்டும். அதுவரை கழற்றி மாட்டும் பொய்ப்பல்லோ, பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒட்டிவைக்கும் சிறு பாலமோ போதும்.

என் தீர்ப்பை இங்கே மறைக்காமல் சொல்கிறேன். புத்தளக் கரையின் பிள்ளைக்கு மிகச் சிறந்த இம்ப்ளான்ட், தேவைப்படாமலே போகும் இம்ப்ளான்ட். ஒன்பது வயதில் எலும்பு வைத்து, வேட்டைப்பல் இறங்கியதும் கம்பியால் அதைப் பக்கவெட்டுப்பல்லின் இடத்துக்கு நகர்த்தி, கூரான முனையை மழுக்கி உருமாற்றினால், இடைவெளி தன் சொந்தப் பல்லாலேயே மூடிவிடும். சொந்தப் பல் எலும்போடு சேர்ந்து வளரும், ஈறை ஊட்டும், திருகு வாங்கப் பணம் கேட்காது. திருகு இறக்குமதிப் பொருள். மருந்துக்கே நாடு தவித்த 2022-இல் இறக்குமதிப் பொருளை நம்பியிருப்பதன் விலை என்ன என்று எல்லோரும் பார்த்தோம். வளர்ந்தவர்களுக்கு, ஒட்டுத் தவறியவர்களுக்கு, இரு பக்கமும் பிளந்து நடு எலும்பு தளர்ந்தவர்களுக்கு இம்ப்ளான்ட் இன்றியமையாததாக இருக்கலாம். அவர்களுக்கு அதை அரச செலவில் தரவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அது அழகுச் சிகிச்சை என்று தள்ளிவைக்கத் தக்கதன்று, பழைய கடனின் கடைசித் தவணை.

மேல்தாடை மிகவும் பின்தங்கியவர்களுக்கு அதையே வெட்டி முன்னகர்த்தும் சத்திரசிகிச்சை இருக்கிறது. பல நிலையங்களில் பிளவு நோயாளிகளில் கால்வாசிப் பேர் வரை இதற்கு வருகிறார்கள். மெல்ல மெல்ல, நாளுக்கு ஒரு மில்லிமீற்றர் வீதம் எலும்பை இழுத்து நீட்டும் கருவியும் உண்டு. முகம் நிறைந்து வரும், கீழ்ப்பற்களும் மேற்பற்களும் சரியாகக் கடிக்கும். ஆனால் தாடை முன்னால் போகும்போது பின்னண்ணமும் கூடவே இழுபட்டு மூக்குவழி மறுபடி திறந்துவிடலாம். முன்பு வென்ற வல்லினம் மறுபடி கையை விட்டுப் போகலாம். அதனால் கத்தியெடுக்குமுன் பேச்சுச் சிகிச்சையாளர் அவரைக் கதைக்கவைத்துக் கேட்கவேண்டும்.

தமிழ்ப் பிள்ளையைத் தமிழில் கதைக்கவைத்துக் கேட்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது வேதனையான கேள்வி. இலங்கையில் பேச்சுச் சிகிச்சையாளரே குறைவு, தமிழில் செய்பவர்கள் அதனிலும் குறைவு. சிங்களச் சொற்பட்டியலை வைத்துத் தமிழ்ப் பிள்ளையின் இரட்டை வல்லினத்தைச் சோதிக்க முடியாது. அண்ணம் தைத்த பிள்ளைக்கு இரண்டு வயதிலிருந்தே, விளையாட்டுப் போல, 'பப்பா', 'தாத்தா', 'காக்கா' என்று உதட்டிலும் பல்லிலும் நாவிலும் காற்றைத் தேக்கி வெடிக்கப் பழக்கவேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னால் ஒலி மாறுகிறதா என்று கேட்பது ஒரு நல்ல முதற்சோதனை. இதை வீட்டில் உம்மம்மாவும் செய்யலாம், பாலர் பாடசாலை ஆசிரியையும் செய்யலாம், சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். காதையும் மறக்கக்கூடாது. அண்ணப் பிளவுள்ள பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கும். கேட்காத பிள்ளை கதைக்கப் பழகாது.

இலங்கையில் ஒரு நல்ல ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. ஊருக்கு ஊர் குடும்பநல உத்தியோகத்தர், 'மிட்வைஃப் மிஸ்', பிறந்த வீட்டுக்கே வருகிறார். குழந்தையின் வளர்ச்சிப் பதிவேடு ஒவ்வொரு தாயின் கையிலும் உண்டு. அந்தப் பதிவேட்டில், பிளவோடு பிறந்த பிள்ளைக்கு மட்டும் ஒரு தாளை ஒட்டி, உதடு, அண்ணம், காது, பேச்சு, ஒன்பது வயதில் எலும்பு, பின் கம்பி, பதினெட்டில் மறுபரிசோதனை என்று எழுதிவிடலாம். அந்தத் தாளுக்கு வெளிநாட்டு உதவி வேண்டாம். முன்பு சொன்ன இருநூறு பெயர்களும் மாவட்ட சுகாதாரப் பணிமனையின் ஒரே கொப்பியில் இருந்தால், கடலுக்குப் போன குடும்பம் எந்த மாதம் திரும்பும் என்று பார்த்துத் திகதி கொடுக்கலாம்.

பாடசாலைகளில் தரம் 1, 4, 7, 10 மாணவரைச் சுகாதார வைத்திய அதிகாரி வந்து பரிசோதிப்பது நாட்டின் வழக்கம். நான்காம் தரத்தில் பிள்ளை ஒன்பது வயதை எட்டுகிறது. எலும்பு வைக்கும் வயது தொடங்குவதும் அப்போதுதான். கற்பிட்டி, நுரைச்சோலை, முந்தல், உடப்பு, சிலாபம் பாடசாலைகளில் நான்காம் தரம் படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் மேலுதட்டில் தழும்போடு ஒரு பிள்ளை இருந்தால், அடுத்த பரிசோதனை நாளில் அதைக் கையைப் பிடித்து வரிசையின் முன்னால் கொண்டுபோங்கள். வந்திருக்கும் வைத்தியரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்தப் பிள்ளைக்கு ஈறில் எலும்பு வைத்தாயிற்றா?